மணப்பாட்டுக் குன்றில் ஏறும் முன்

அன்புள்ள கயல்,

திருச்செந்தூர் வரை போகிறோம், மணப்பாட்டையும் பார்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போ. தெற்கே சுமார் 18 கிலோமீட்டர்தான். நாலு படம் எடுத்துக்கொண்டு ஓடி வருவதானால் மட்டும் வேண்டாம்.

கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மணற்குன்று அது. உச்சியில் திருச்சிலுவைக் கோயில். அந்தக் கரையில் சர்ச் என்று சொல்வது குறைவு, கோயில்தான். செருப்பை வெளியே விடு. பூசை நடந்தால் கடைசியில் உட்கார்ந்துகொள். போனைப் பைக்குள் வை.

ஊரார் ஒரு கதை சொல்வார்கள்: புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவன், கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டானாம். 1540 என்பார்கள். குறுக்கே பேசாமல் கேள். ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதைக்குத் தனி மதிப்பு உண்டு. கோயில் எழுந்தது 1581இல் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. குன்றின் கடல்பக்கத்தில் ஒரு கெபி இருக்கிறது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை என்று காட்டுவார்கள்.

சவேரியாரை அறியக் கதையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அவர் கடிதங்கள் இருக்கின்றன. 1544இல் தன் துணைவர் மான்சிலாஸுக்கு மணப்பாட்டிலிருந்தே பல கடிதங்கள் எழுதினார். அவற்றில் அற்புதங்களைத் தேடாதே. அந்த ஜூனில், வடக்கிலிருந்து வந்த வடுகர் படைக்கு அஞ்சிய இந்தக் கரை மீனவர்களான பரதவர்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து, சோறு தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு சவேரியார் கிளம்பினார். எதிர்க்காற்று தோணிகளைப் போகவிடவில்லை. கடைசியில் கரைவழியே நடந்தார். எனக்கு அவரை நெருக்கமாக்கியது இந்தத் தோல்விதான்.

அதனால்தான் சொல்கிறேன், முடிந்தால் அதே காற்று வீசும் ஆனியில் போ. குன்றின் விளிம்பில் தெற்கு பார்த்து நில். துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கை போதாது. அந்தக் காற்றில் பாரத்தோணியைக் குமரிக்குத் தள்ளுவது என்னவென்று உடம்புக்கே புரியும். பிறகு மறுபக்கம் திரும்பு: கருமேனியாற்றுக் கழிமுகம், கரையேற்றிய படகுகள், ஊர். செப்டம்பர் 14 திருவிழாவுக்குப் போனால் கூட்டம்தான் தெரியும், குன்று தெரியாது.

திரும்பும்போது உடன்குடியில் இறங்கி எனக்கு ஒரு கிலோ கருப்பட்டி வாங்கி வா. ஒரு துண்டு கடித்துப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
மாமா