முதுமையா, நோயா?

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் மட்டக்குதிரைகள் பனிக்காலத்தில் வளரும் நீள்மயிரை வேனிலில் உதிர்த்துவிடும். 15 வயது கடந்த மட்டக்குதிரை அவ்வாறு உதிர்க்கவில்லையெனில், அதனை முதுமையின் இயல்பென்று விட்டுவிடுதல் கூடாது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோன்களை மிகுதியாகச் சுரப்பதன் அடையாளமாக அஃது இருக்கலாம். தசை மெலிவும், மிகுந்த நீர்வேட்கையும் உடன் தோன்றலாம். இவற்றினும் கொடியது குளம்பினுள் எழும் அழற்சி. நடக்கவும் இயலாத அவ்வலியை அவ்வுயிர் வாய்விட்டுச் சொல்லாது.

ஆதலின் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தத்தில் ஏசிடிஎச் அளவைச் சோதித்தறிதல் வேண்டும். இலையுதிர் காலத்தில் அவ்வளவு இயல்பாகவே உயருமாதலால், மருத்துவர் பருவத்தையும் கருதியே முடிவு கூறுவார். நோய் முற்றிலும் தீராது. எனினும் நாள்தோறும் தரும் பெர்கோலைடு மாத்திரை அதனைக் கட்டுப்படுத்தும். சர்க்கரை குறைந்த உலர்புல், காலந்தவறாத குளம்புத் திருத்தம், வெயிற்காலத்தில் மயிர் கத்தரித்தல் ஆகியனவும் இன்றியமையாதன. உற்று நோக்குவதே பேணுதலின் முதற்பாடம்.