கிரில் கேட்டும் சைக்கிள் பிரேமும் ஒன்றல்ல
நம்பிக்கைகளும் உண்மைகளும்

மதுரையில் சைக்கிள் பிரேமைக் கையால் கட்டித் தொழில் செய்யப் போகிறேன் என்று ஓர் இளைஞர் சொன்னால், வீட்டில் தொடங்கி டீக்கடை வரை ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். "லூதியானாக்காரன் போடுற விலைக்கு உன்னால போட முடியுமா?" என்பார் ஒருவர். "வெல்டிங் பட்டறை வச்சிருக்கிறவன் யாரும் செய்வானே, இதுல என்ன பெரிய வித்தை?" என்பார் அடுத்தவர். இரண்டு பேச்சும் தவறு. முதல் பேச்சு ஓர் இளைஞரின் ஆசையைக் கெடுப்பதோடு போய்விடும். இரண்டாவதை நம்பி ஒருவர் பிரேம் கட்டினால், அதில் ஏறுகிறவரின் பல் உடையும்.

சைக்கிள் தொழிலுக்குத் தமிழ்நாடு புதிதல்ல. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது 1949-இல். ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் அம்பத்தூரிலிருந்து நம் தெருக்களுக்கு வந்தன. 1955-இல் ஆவடியில் குழாய் ஆலையும் வந்துவிட்டது. இரும்புக் குழாயை இழுக்கவும் வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகள் இங்கே மூன்று தலைமுறையாக இருக்கின்றன. ஒரே ஒரு ஆளின் உடம்பை அளந்து, அவருக்கென்று பிரேம் கட்டிக் கொடுக்கும் பட்டறைதான் அரிதாக இருக்கிறது. அதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

"வெல்டிங் தெரிஞ்சா பிரேம் கட்டிரலாம்"

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய். கிரில் கேட் பட்டறையில் ராடு வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங்கில் இரும்பே உருகி ஒன்றோடொன்று சேர்கிறது. கேட்டுக்கு அது போதும். நல்ல சைக்கிள் குழாயின் நடுப்பகுதிச் சுவர் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், முனைகளில் சற்றுக் கூடுதல். அதில் அந்த ராடை வைத்தால் ஓட்டை விழும். ஓட்டை விழாவிட்டாலும் சூடு கண்ட ஓரம் பலம் இழந்து, சில மாதங்கள் ஓடியபின் அங்கே மயிரிழை போல ஒரு கீறல் தோன்றும்.

பழைய முறை பிரேசிங். அதில் குழாய் உருகுவதே இல்லை. இரும்பு உருகச் சுமார் 1500 டிகிரி வேண்டும். பித்தளைக் கம்பியோ 900 டிகிரியை ஒட்டியும், வெள்ளி கலந்த கம்பி 650 டிகிரி அளவிலும் உருகி ஓடும். இரண்டு குழாய்க்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிக்குள் அது தானாக இழுத்துக்கொண்டு போகும், சூடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறையில் பொடி வைக்கும் ஆசாரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. வெங்காரம் பூசி, சுடர் காட்டி, வெங்காரம் பொங்கி அடங்கிக் கண்ணாடிபோல் தெளியும் நேரத்துக்குக் காத்திருந்து கம்பியைத் தொடுகிறாரே, அதே வேலை. அளவுதான் பெரிது.

நகைத் தொழிலிலிருந்து பிரேம் கட்டுகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கே.டி.எம். நகை என்று கேள்விப்பட்டிருப்போம். அந்தப் பற்றுப்பொடியில் இருந்தது கேட்மியம். அதன் புகை நுரையீரலைத் தின்னும். வெள்ளிக் கம்பி வாங்கும்போது கேட்மியம் இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜி.ஐ. பைப்பில் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் கண்டதுபோல் உடம்பு நடுங்கும். பழகுவதற்கும் கறுப்புப் பைப்பே நல்லது.

பற்றவைப்பது மொத்த வேலையில் சிறு பங்குதான். அதற்கு முன்னால் வெட்டும் அராவலும் இருக்கின்றன. ஒரு குழாயின் முனை மற்றொன்றின் வளைவில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். வெள்ளிக்கம்பி ஓட வேண்டுமானால் இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அரைவட்ட அரத்தை எடுத்துக்கொண்டு, அராவி, பொருத்திப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடியும் அராவுகிற வேலை அது. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

பற்றவைத்து ஆறியபின் கோணல் பார்க்க வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நூல் போதும். பின் அச்சு உட்காரும் தகடு ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில் பார் இறங்கும் முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத் தகட்டில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பிரேம் பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது. பெடல் அச்சு போகும் கூட்டின் மரைகளும் சூட்டில் சற்று நெளிந்திருக்கும். அவற்றை மறுபடி வெட்டிச் சீராக்க வேண்டும். செயின் இருக்கும் வலப்பக்கத்தில் இடது மரை என்பதை மறந்து கூட்டைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டால், அத்தனை உழைப்பும் பழைய இரும்புக்கடைக்குத்தான்.

"கனமான பைப்தான் பாரம் தாங்கும்"

நம் ஊர் ரோட்ஸ்டர் சைக்கிள் 20 கிலோவைத் தொடும். அதில் நெல் மூட்டை போனதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நம்பிக்கை இயல்பாக வரும். வளைவுக்கு எதிராக நிற்பதில் சுவரின் கனத்தைவிடக் குழாயின் விட்டத்துக்கு வேலை அதிகம். மெல்லிய சுவருள்ள குழாயின் விட்டத்தை, சுவர் கனத்தை மாற்றாமல் இருமடங்காக்கினால் எடை இரண்டு மடங்கு ஆகும், விறைப்போ எட்டு மடங்கு ஆகும். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ரேனால்ட்ஸ் 1897-லேயே முனை தடித்து நடு மெலிந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பலம் தேவைப்படுவது ஒட்டு இருக்கும் முனைகளில்தான், நடுவில் இருப்பது வெறும் சுமை. அந்த நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த 531 குழாயில் கட்டிய பிரேம்கள் இன்றும் ரோட்டில் ஓடுகின்றன. நல்ல உலோகக் கலவைக் குழாயில் கட்டிய பிரேம் இரண்டு கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

பாரம் ஏற்றுகிற வண்டிக்கு இந்தக் கணக்கைத் தெரிந்தே மாற்றலாம். மேல் குழாயை இரட்டிப்பது, பின் முக்கோணத்தை நீட்டுவது, கேரியரைப் பிரேமோடு சேர்த்தே பற்றவைப்பது எல்லாம் நல்ல வழிகள். எங்கும் கனத்தைக் கூட்டுவது வழியல்ல.

"விலை கூடின ஸ்டீல் போட்டா பிரேம் விறைப்பா நிக்கும்"

நிற்காது. மலிவான மைல்ட் ஸ்டீலானாலும் விலை உயர்ந்த ரேனால்ட்ஸ் 853 ஆனாலும் நெகிழ்ச்சிக் குணகம் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 200 கிகா பாஸ்கல். ஒரே அளவில் இரண்டிலும் குழாய் செய்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் வளையும். வித்தியாசம் உடையும் இடத்தில் தெரியும். 853-இன் இழுவலிமை மைல்ட் ஸ்டீலைப்போல் சுமார் மூன்று மடங்கு. அதனால் சுவரை மெலிதாக்கத் துணியலாம். கூடுதல் காசு அந்தத் துணிச்சலுக்கு.

"இரும்பு துருப்பிடிக்கும், இனி எல்லாம் கார்பன்தான்"

துருப்பிடிக்கும், உண்மை. ஆனால் மதுரை ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ அல்ல. உப்புக் காற்று இங்கே வருவதில்லை. இங்கே துரு உள்ளிருந்து வரும். ஐப்பசி மழையில் சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் கீழே பெடல் கூட்டில் தேங்கி நிற்கும். கூட்டின் அடியில் ஒரு சிறு துளை போட்டு, வருடம் ஒருமுறை குழாய்க்குள் எண்ணெய் ஊற்றிச் சுற்றிவிட்டால் பிரேம் பேரன் காலத்துக்கும் நிற்கும். மேலே பவுடர் கோட்டிங் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே எண்ணெய் இல்லாவிட்டால் பயனில்லை.

வேகத்தைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். 1948-இல் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் சைக்கிள் பந்தயத்தில், ஆண்களின் மரபான போட்டிகளில், அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்கள் கட்டிய எஃகுப் பிரேம்கள்தான் இன்றும் ஓடுகின்றன. அந்நாட்டு வீரர் கொய்ச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரின்ட் பட்டம் வென்றார். அவருக்குப் பிரேம் கட்டியவர் யோஷியாக்கி நகஸாவா. இத்தாலிக்குப் போய்ப் பட்டறையில் நின்று தொழில் பழகி, ஊர் திரும்பித் தன் பெயரில் கடை போட்டவர்.

"மதுரையில யார் வாங்குவா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மனதில் ஓடுவது ரேஸ் சைக்கிள். கொடைக்கானல் ஏறுகிறவர்களும், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கி.மீ. முடிக்கும் பிரவே என்ற நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வரட்டும். ஆனால் இந்தத் தொழிலுக்கு மதுரைச் சமவெளியில் உண்மையான தேவை வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தொழிற்சாலையின் அளவுக்குள் அடங்காத உடம்புகளும், அதன் பட்டியலில் இல்லாத வேலைகளும் இங்கே நிறைய.

பெரியவர்களுக்கான ரோட்ஸ்டர் 22, 24 அங்குலம் என்ற இரண்டு அளவுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஐந்தடிக்கும் குறைவான பெண் ஒருவருக்கு கியர் சைக்கிள் வேண்டுமென்றால், கம்பெனி சீட் குழாயைக் குட்டையாக்கித் தருகிறது. சக்கரமும் ஹேண்டில் தூரமும் அதேதான். கைகள் இழுத்துப் பிடிக்கும், தோள்பட்டை வலிக்கும், திருப்பத்தில் செருப்பின் நுனி முன்சக்கரத்தில் உரசும். கையால் கட்டுகிறவர் சக்கரத்தையே சிறிதாக்குவார், மேல் குழாயை அவர் கை நீளத்துக்கு வெட்டுவார். உரசல் ஒழிந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அதை எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒன்றைக் கவனித்திருக்கிறார். பெண்களில் பலர் லேடீஸ் சைக்கிளைவிட்டு ஜென்ட்ஸ் சைக்கிளை விரும்பினார்கள், முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. லேடீஸ் மாடல் வரைந்தவருக்குச் சேலை நினைவிருந்தது, குழந்தை நினைவில்லை. சேலைக்கும் இடம்விட்டு, குழந்தைக்கும் இருக்கை வைத்து ஒரு பிரேம் வரைய அந்தப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசினால் போதும்.

தண்ணீர்க் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தள்ளாடிப் போகும் சைக்கிள், இளநீர் வண்டி, டீ கேன் வண்டி, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி இவையெல்லாம் இன்று அந்தந்தத் தெருவின் வெல்டிங் கடையில் ஒட்டுப்போட்டு ஓடுகின்றன. உட்காருகிறவரின் இடுப்பையும் தோளையும் அளந்து கட்டிய மூன்று சக்கர வண்டி ஒன்று, நடக்க இயலாத ஒருவருக்குப் பல வருடத் தோள்வலியை மிச்சப்படுத்தும். ரேஸ் பிரேமைவிட இதில் பெருமை குறைவு என்று யாராவது நினைத்தால், அவர் இந்தத் தொழிலுக்கு வராமலிருப்பதே நல்லது.

"ஆர்டர் குவிஞ்சா தொழில் நிலைச்சிரும்"

இங்கிலாந்தின் டெர்பி நகரத்து மெர்சியன் 1946 முதல் கையால் பிரேம் கட்டிய கடை. உலகமெங்கும் பெயர். 2024 மே மாதம் அது கடையை மூடுவதாக அறிவித்தது. பிறகு உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கி மறுபடி நடத்துகிறார்கள். பெயரும் மரியாதையும் மாத வாடகையைக் கட்டுவதில்லை.

கணக்கு எளிது. ஒரு பிரேமுக்கு முப்பது நாற்பது மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், தனி ஆள் மாதம் நான்கு முடிப்பதே பெரிய காரியம். அளவெடுப்பு, போன் பேச்சு, குழாய் வரவழைத்தல், பெயின்ட் கடைக்கு அலைவது எதுவும் அந்த மணிக்கணக்கில் சேராது. லூதியானா தொழிற்சாலை விலையோடு போட்டி போடுவது வீண்வேலை. பிரேமுக்கு நடுவே ரிப்பேர் வேலை ஓடினால்தான் கடை திறந்திருக்கும். உடைந்த பிரேமை ஒட்டுவது, கேரியர் கட்டுவது, போர்க் நிமிர்த்துவது எல்லாம் அன்றன்றைக்குக் காசு தரும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பதிவு செய்த கடைக்காரர் எஃகுக் குழாயை 18 சதவீதத்தில் வாங்கி, பிரேமை 5-இல் விற்பார். அந்த வித்தியாசத்தைத் திரும்பப் பெற வழி உண்டு, ஆடிட்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஆர்டர் குவிவதில்தான் ஆபத்தே இருக்கிறது. வாங்கிய அட்வான்ஸ் இன்னும் கட்டாத பிரேமின் கடன். புதிதாக வந்தவரின் அட்வான்ஸில் பழைய ஆளின் குழாயை வாங்கத் தொடங்கும் மாதத்திலேயே கடை உள்ளுக்குள் கவிழ ஆரம்பிக்கிறது, வெளியே வரிசை நீண்டுகொண்டே இருந்தாலும். அட்வான்ஸ் வந்த அன்றே அந்தப் பணத்தில் அவருக்கான குழாயை வாங்கி, அவர் பெயரை எழுதி ஒட்டி வைத்துவிட வேண்டும். வாங்க வருகிறவரும் கூச்சப்படாமல் கேட்கலாம்: எந்தக் குழாய், சுவர் எத்தனை மில்லிமீட்டர், என் அளவுப் படத்தின் நகல் எங்கே, நூல் வைத்துப் பார்த்ததை என் கண்முன் ஒருமுறை காட்ட முடியுமா, கீறல் விட்டால் யார் பொறுப்பு என்று. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிற கடையில் காசு கொடுக்கலாம்.