ஒரு வரித் திருத்தத்துக்கும் மறுபார்வையா?

கேள்வி: ஒரே ஒரு வரியை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துச் சம்மதித்த பிறகே கிட்டில் சேர்க்க வேண்டும் என்கிறார் எங்கள் குழுத் தலைவர். நேரம் வீண்தானே?

பதில்: இல்லை. 2006-இல் டெபியன் லினக்ஸில் நடந்ததைக் கேளுங்கள். பிழை தேடும் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியது. அதை நிறுத்த, குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டே வரிகளைச் செயலிழக்க வைத்தார்கள். எச்சரிக்கை போனது; கூடவே, ரகசியச் சாவிகளை ஊகிக்க முடியாமல் காத்துவந்த தற்செயல்தன்மையும் போனது. சாவி உருவாக்கத்தில் மாறக்கூடியதாக மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள்தான்! அத்தனையையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது கணினிக்கு ஒரு வேலையா? 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் பலவீனமான சாவிகள் உலகெங்கும் பரவிவிட்டன.

இத்தனைக்கும் மாற்றியவர் அலட்சியக்காரர் அல்லர். ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். எனக்கு இதில் உறுத்துவது இதுதான்: கேள்வி போய்ச் சேர்ந்தது, ஆனால் அந்த வரிகள் எதற்காக இருந்தன என்று யாரும் தோண்டவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு மாற்றம் மறுபார்வைக்கு வரும்போது சிவப்பு, பச்சை வரிகளோடு நிற்காதீர்கள். அந்தச் செயற்கூறு முழுவதையும் திறந்து படியுங்கள். நீக்கப்பட்ட வரியை யார், எப்போது, ஏன் சேர்த்தார் என்று, மாற்றத்துக்கு முந்தைய பதிப்பில் 'கிட் பிளேம்' போட்டுப் பாருங்கள்.