கொரோனாவின் நிழலில் காசநோய்

கொரோனா வந்த கதையை எல்லாரும் அறிவோம். அதன் நிழலில் மறைந்துபோன காசநோயைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

நம் பெரியவர்கள் இதைச் சயரோகம் என்பார்கள். 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதன் கிருமியைக் கண்டறிந்தார். இன்று இது மருந்தால் குணமாகக் கூடிய நோய்தான். ஆனால் பொதுவாக ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும்: முதல் இரண்டு மாதம் நான்கு வகை, பின் நான்கு மாதம் இரண்டு வகை. சில வாரங்களிலேயே இருமல் தணிந்து உடம்பு தேறும். அங்கேதான் ஆபத்து! குணமாகிவிட்டது என்று நோயாளி நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அதனால்தான் கிளினிக்கில் தாதியர் கண்முன்னே மாத்திரையை விழுங்கச் சொல்கிறார்கள். நம்மை நம்பவில்லையே என்று சிலர் கோபித்துக்கொள்வதுண்டு. எனக்கு அது தாய் பிள்ளைக்கு மருந்தூட்டுவது போலவே தோன்றுகிறது.

நம் நாட்டில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. உலகெங்கும் இதே நிலைதான். காசநோய்ப் பிரிவின் மருத்துவர்களும் தாதியரும் கொரோனாப் பணிக்கு மாற்றப்பட்டனர். சளியைச் சோதிக்கும் கருவிகள்கூடப் பல நாடுகளில் கொரோனாச் சோதனைக்குப் போயின. இருமினாலே அண்டை வீட்டார் அஞ்சிய காலம் அது. இருமலை மறைத்தவர்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 2019-இல் புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகள் 71 இலட்சம். 2020-இல் 58 இலட்சம். நோய் குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். கண்டுபிடிக்கப்படாதவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பல ஆண்டுகளாக இறங்கிவந்த மரண எண்ணிக்கை அவ்வாண்டில் ஏறியது. 2022-இல் 75 இலட்சம் பேர் கண்டறியப்பட்டனர். விட்டுப்போனவர்கள் பலர் தாமதமாக வந்து சேர்ந்தார்கள்.

ஒரு நன்மையும் விளைந்தது. மாத்திரை விழுங்குவதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பும் முறை பல இடங்களில் பரவிற்று.

கொரோனாக் காய்ச்சல் சில நாட்களில் தன்னைக் காட்டிவிடும். காசநோய் மெல்ல வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

அறக்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு மருந்து கிடைத்துவிடும். நாள்கூலி இழந்து ஆறு மாதம் கிளினிக்குக்கு நடக்கும் ஏழைக்கு முட்டுவது பேருந்துக் கட்டணமும் வீட்டு அரிசியும்தான். அன்னதான நிதியில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம்.