டெலஸ்கோப் வாங்கப் போறீங்களா? லென்ஸா, மிரரா?

இரண்டாம் வருஷம் படிக்கும்போது, டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். பெட்டி மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு ராத்திரியே மொட்டை மாடியில் வைத்து சனிக் கோளைப் பார்த்தேன். மங்கலாக ஏதோ ஆடியது, அவ்வளவுதான். "வளையம் தெரியுதாடா?" என்று அப்பா கீழே இருந்து கேட்டார். "மேகமா இருக்குப்பா" என்று பொய் சொன்னேன்.

நான் கவனிக்காமல் விட்டது அப்பர்ச்சர், அதாவது முன்னால் இருக்கும் லென்ஸ் அல்லது பின்னால் இருக்கும் மிரரின் விட்டம். அதுதான் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பதை முடிவு செய்கிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 2-ஆல் பெருக்குங்க. ஏறக்குறைய அதுதான் பயன்படும் அதிகபட்ச உருப்பெருக்கம். என்னுடையது 60 மி.மீ., அதனால் 120 மடங்கு. பிறகு 525 எங்கிருந்து வந்தது? குவியத் தூரம் 700 மி.மீ., ஐபீஸ் 4 மி.மீ. வகுத்தால் 175. அதோடு 3 மடங்கு பார்லோ லென்ஸ் சேர்த்தால் 525. கணக்கு சரிதான், படம்தான் கலங்கிப்போகும்.

இப்போ வகைகளைப் பார்ப்போம்.

லென்ஸ் வகை (ரிஃப்ராக்டர்): 1609-ல் கலிலியோ வானத்தைப் பார்த்தது இதில்தான். பராமரிப்பு குறைவு, நிலாவுக்கு அருமை. ஆனால் லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைப்பதால், விலை குறைந்தவற்றில் நிலா ஓரத்தில் ஊதா நிறம் தெரியும். லென்ஸ் பெரிதாக ஆக விலையும் எகிறும்.

மிரர் வகை (ரிஃப்ளெக்டர்): நியூட்டன் 1668-ல் செய்தது. மிரர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பிரதிபலிப்பதால் ஊதா ஓரம் வராது. அதே காசுக்கு பெரிய அப்பர்ச்சர் கிடைக்கும். 150 மி.மீ. மிரர், 60 மி.மீ. லென்ஸைவிட 6 மடங்குக்கு மேல் வெளிச்சம் சேர்க்கும். காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பும் மிரர் வகைதான். ஒரே தொந்தரவு, மிரர்களை அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும்.

இரண்டும் கலந்த வகை (மக்சுடோவ் போன்றவை): குழாய் குட்டை, பையில் போட்டுத் தூக்கிப் போகலாம். விலை அதிகம்.

என்னைக் கேட்டால், ஊரில் இருட்டான வானமும் மாடியும் இருந்தால் 130 அல்லது 150 மி.மீ. டாப்சோனியன் வாங்குங்க. அது பெட்டி மாதிரி ஸ்டாண்டில் உட்காரும் மிரர் டெலஸ்கோப், ஆடாது. ஹாஸ்டல், பஸ் என்று அலைபவர்களுக்கு 70, 80 மி.மீ. ரிஃப்ராக்டர் போதும். ஆனால் உறுதியான ஸ்டாண்டோடு வாங்குங்க. பட்ஜெட் இல்லையா? 10x50 பைனாகுலரில் வியாழனின் நிலாக்களையே பார்க்கலாம். எதை வாங்கினாலும், முன்பக்கம் சரியான ஃபில்டர் மாட்டாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும்.

என் பழைய டெலஸ்கோப்பை நான் தூக்கிப் போடவில்லை. பார்லோவைக் கழற்றிவிட்டு 12.5 மி.மீ. ஐபீஸ் போட்டேன், 56 மடங்கு. ஸ்டாண்ட் ஆடாமல் இருக்க நடுவில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன். சின்னதாக, ஆனால் தெளிவாக வளையம் தெரிந்தது.

"அப்பா, மேல வாங்க" என்று கூப்பிட்டேன்.