பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள்

மரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பலகையின் முகத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வெட்டுமுனையை. முகத்தின் நிறத்தைச் சாயத்தில் கொண்டுவந்துவிடலாம், ரேகையைக்கூடத் தூரிகையால் இழுத்துவிடலாம். முனையில் இருக்கும் துளைகளை அப்படி ஏமாற்ற முடியாது.

ரம்பம் அறுத்தபடியே இருக்கும் முனையில் ஒன்றும் தெரியாது. நல்ல கூரான உளியால் நகக்கண் அளவுக்குச் சீவிவிட்டு, தண்ணீர் தொட்டுத் தடவுங்கள். நகைக்கடையில் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் கையில் இருந்தால் இன்னும் வசதி. தேக்கு என்றால் ஒவ்வொரு வளையமும் தொடங்குகிற இடத்தில் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும், போகப்போகச் சிறுத்துவிடும். மாவிலும் பலாவிலும் அந்த வரிசை கிடையாது, துளைகள் சிதறிக் கிடக்கும். ‘தேக்குதான் சார்’ என்று காட்டுகிற கட்டையில் வரிசை இல்லையென்றால் நான் விலை கேட்பதே இல்லை. வரிசை இருந்தாலே தேக்கு என்றும் சொல்லிவிட முடியாது; ஓக், ஆஷ் மரங்களிலும் அது உண்டு. எண்ணெய் வாடையையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

துளை இருந்தால் தண்ணீர் ஒழுகிவிடும் என்பதும் இல்லை. சிவப்பு ஓக்கில் ஒரு சிறு துண்டை எடுத்து, ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் வராது; அதன் வைரத்தில் துளைகளை மெல்லிய சவ்வு அடைத்திருக்கும். விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்கைத் தேடுவது இதனால்தான்.

இழைப்புக்கு வந்தால், பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். துளைகள் அங்கே சின்னச் சின்னக் கோடுகளாக ஓடும். அந்தக் கோடு மேலேறும் திசையில் தள்ளினால் சுருள் சுருளாக வரும். எதிர்த்துத் தள்ளினால் நார் பெயரும். தோதகத்தி, வேம்பு போன்றவற்றில் இந்தக் கணக்கு செல்லாது. அடுக்குக்கு அடுக்கு நார் திசை மாறுவதால், எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஒரு பட்டை பெயரும். அலகை மிக மெல்லியதாக வைத்துக் குறுக்குச்சாய்வாக இழைத்துவிட்டு, கடைசியில் சுரண்டித்தான் மட்டம் பிடிக்க வேண்டும். பழைய ஆசாரிமார் அதற்கு உடைந்த கண்ணாடித் துண்டு வைத்திருப்பார்கள். எனக்கு இரும்புத் தகடுதான் தோது; கண்ணாடி கையைப் பதம் பார்த்துவிடும்.

பாலிஷில்தான் துளைகள் முழுக் குணத்தையும் காட்டும். தேக்கு மேசைக்குக் கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் துளைகளை அடைத்தே ஆக வேண்டும். வெறும் சாக் மாவை அடைத்தால் பிற்பாடு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மர நிறத்துக்குக் காவிப்பொடி கலந்துகொள்ளுங்கள். ரேகைக்குக் குறுக்கே தேய்த்து, துடைப்பதையும் குறுக்கேயே செய்யுங்கள். ரேகையோடு துடைத்தால் அடைத்தது துணியோடு வந்துவிடும். நாற்காலிக் கைப்பிடிக்கும் கதவுக்கும் நான் அடைப்பதே இல்லை, எண்ணெயோடு விட்டுவிடுவேன். துளை தெரிந்தால்தான் தேக்கு தேக்காக இருக்கும் என்பது என் கட்சி.

மேசையின் முனைப்பக்கம் மட்டும் எப்போதும் சாயத்தைக் கூடுதலாகக் குடித்துக் கறுத்துப்போகும். அங்கே உப்புத்தாளை ஒரு நம்பர் நைசாகப் போட்டு, நீர்த்த அரக்குப் பாலிஷை ஒரு கை பூசிக் காயவிட்டு, பிறகு சாயம் கொடுங்கள்.