சமமான இணை எது?



மல்யுத்தக் களத்தில் இருவரை எதிரெதிரே நிறுத்துமுன்னும், மணப்பந்தலில் இருவரை அருகருகே அமர்த்துமுன்னும், "இவ்விருவரும் தக்க இணைதானா?" என்னும் கேள்வி எழுகின்றது. அக்கேள்விக்கு எத்தராசு கொண்டு நிறுத்து விடை கூறுகின்றோம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

1896-ல் ஏதென்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மல்யுத்தத்தில் எடைப்பிரிவு கிடையாது. ஜெர்மானியராகிய கார்ல் ஷூமான், உருவிற் சிறியவராயினும், பளுதூக்கும் வீரரான எலியட்டை வீழ்த்தி இறுதியில் முதலிடமும் பெற்றார். அத்தகையோர் அரியர், பெரும்பாலும் பளுவே வெல்லும். ஆதலின் 1904-ல் எடைப்பிரிவுகள் வகுக்கப்பட்டன. நம் நாட்டு கே. டி. ஜாதவ் 1952-ல் ஹெல்சிங்கியில் வெண்கலப் பதக்கம் பெற்றது 57 கிலோ பிரிவில். பேருடல் படைத்தவரோடு அவரைப் பொருத்தியிருந்தால் அவர் திறமையை யார் அறிந்திருப்பர்? அங்கே தராசு எல்லோர் கண்முன்னும் நிற்கின்றது. ஏறி நின்றால் முள் காட்டிவிடும், பிறப்பைக் கேட்பாரில்லை.

இனி, பல்வங்கர் பாலு என்னும் கிரிக்கெட் வீரரின் வரலாற்றைக் கவனியுங்கள். தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்ட குலத்திற் பிறந்த இவ்விடக்கைப் பந்துவீச்சாளர், 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர். புனாவில் அவரோடு ஆடிய மேற்சாதியார் அவர் வீசிய பந்தைத் தொடக் கூசவில்லை. ஆனால் தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண்குவளையில்! பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்தது? இந்து அணியின் தலைவராக அவர் நியமிக்கப்படவேயில்லை. 1923-ல்தான் தம்பி விட்டலுக்கு அப்பதவி கிட்டியது.

பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் இக்கொடுமை இருந்தது. ஊடை நூல் அறுந்தால், நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டாதார் வாய் பட்ட நாடாவில் தாம் வாய் வைப்பதோ என்று கூறி, கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் அவர்களைச் சேர்க்க மறுத்தனர் உடன் உழைத்த தொழிலாளரே. 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இவ்வநீதியை வெளிப்படையாக எடுத்துரைத்தார். (உறிஞ்சும்போது உள்ளே போகும் பஞ்சுத்தூசி யார் நெஞ்சையும் சாதி பார்த்து விட்டதில்லை என்பது ஆலையில் உழைத்தோர் அறிந்த செய்தி.)

பகவன் காட்டிய தராசு வேறு. மதுரா நகருக்கும் வேரஞ்சைக்கும் இடைப்பட்ட வழியில், ஒரு மரத்தடியில் அமர்ந்து, உடன் வந்த இல்லறத்தாருக்கு அவர் நால்வகைத் தம்பதியரை விளக்கியதாக அங்குத்தர நிகாயம் கூறும். பிணத்தோடு வாழும் பிணம், தேவியோடு வாழும் பிணம், பிணத்தோடு வாழும் தேவன், தேவியோடு வாழும் தேவன் என்பன அவை. கொலை, களவு, பிறன்மனை நயத்தல், பொய், கள் ஆகியவற்றில் உழன்று, ஈயாத நெஞ்சமும் கடுஞ்சொல்லும் உடையவர் உயிரோடிருந்தும் பிணமே. நடுவிலுள்ள இரண்டுமே பொருந்தா இணைகள். கணவனே பிணமாயிருத்தல் கூடும் என்று அக்காலத்தே பெண்கள் முன்னிலையில் உரைத்த துணிவை எண்ணிப் பாருங்கள்!

நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய தம்பதியர், மறுமையிலும் பிரியாதிருக்க வழி கேட்டனர். சிரத்தை, சீலம், ஈகை, பிரக்ஞை ஆகிய நான்கிலும் இருவரும் ஒத்திருத்தலே வழி என்றார் பகவன். குலமும் கோத்திரமும் அப்பட்டியலில் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

நம்மவரிடையே நடப்பதென்ன? திரிசரணம் ஓதிய வாயே, சம்பந்தம் பேசுகையில், "அவர்கள் எந்தப் பிரிவு?" என்று மெல்ல விசாரிக்கின்றது. புத்தர் படத்தின் கீழமர்ந்து ஜாதகக் கட்டைப் புரட்டுவாரும் உளர். பிள்ளை குடிப்பவனா, கூலியை வீடு சேர்ப்பவனா, கை ஓங்குபவனா என்று கேட்க மட்டும் நாணுகின்றோம். வயது இரட்டித்த மாப்பிள்ளைக்கும், "நம் பிரிவுதான்" என்று கூறிப் பெண் கொடுக்கின்றோம்.

இனிச் சம்பந்தம் பேசச் செல்வோர் மேற்கண்ட நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்க. இருதிறத்தாரும் ஒருவரையொருவர் வினவுக. பெண்ணையும் தனியே அழைத்து, அவள் கருத்தைக் கேட்ட பின்னரே நாள் குறிக்க வேண்டும்.